எவனப் பாத்துடா எழுதுன?

கணக்கு வாத்தியார் வகுப்பில் எதைக் கவனிக்கிறார் என்று மேல்நாடுகளில் நிறைய எழுதிவிட்டார்கள். 2010இல் ஜேக்கப்ஸ், லாம்ப், ஃபிலிப் மூவரும் எழுதிய கட்டுரையைத்தான் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். பிள்ளை போட்டதைப் பார்ப்பது, அதன் யோசனையைப் புரிந்துகொள்வது, அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுப்பது: இதுதான் வாத்தியாரின் தொழில்முறைக் கவனிப்பாம். நல்ல கட்டுரைதான். ஆனா படிக்கப் படிக்க எனக்கு என் அஞ்சாம் வகுப்புதான் ஞாபகம் வந்தது.

நடவுக்குப் போன 12 பேருக்கு ஆளுக்கு மூன்றரை ரூபாய் என்றால் மொத்தக் கூலி என்ன? சிலேட்டில் 42 என்று மட்டும் எழுதினேன். பத்துப் பேருக்கு 35, ரெண்டு பேருக்கு ஏழு. அம்மா கூலி பிரிக்கிறப்ப பக்கத்துல நின்னு நான் போடுற கணக்கு அது. வாத்தியார் பார்த்தார். "வழி எங்கடா? எவனப் பாத்துடா எழுதுன?" பிரம்பு விழுந்தது. பார்த்தார், புரிந்துகொண்டார், முடிவெடுத்தார். மூன்றும் நடந்துவிட்டது. சேரிப் பையனுக்கு விடை எப்படி வந்திருக்கும் என்பது அவருக்கு முன்னாடியே தெரியும்.

இந்த ஆய்வாளர்கள் 'தொழில்முறைப் பார்வை' என்ற சொல்லை எடுத்த இடம் சார்லஸ் குட்வின் 1994இல் எழுதிய கட்டுரை. 1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸில் ராட்னி கிங் என்ற கறுப்பரைப் போலீஸ் அடித்ததை ஒருவர் வீடியோ எடுத்தார். உலகமே பார்த்தது. 1992 விசாரணையில் போலீஸ் தரப்பு வக்கீல்கள் அதே படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள். தரையில் கிடந்தவரின் உடம்பு அசைவதையெல்லாம் தாக்க எழுவதாகப் பார்க்க நடுவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த விசாரணையில் அடித்தவர் எவருக்கும் தண்டனை இல்லை. தொழிலும் அதிகாரமும் கண்ணைப் பழக்குகின்றன என்பதுதான் குட்வின் சொன்னது. கணக்குக் கல்விக்காரர்கள் சொல்லை எடுத்துக்கொண்டு, அடிபட்டவரை விட்டுவிட்டார்கள். லூயியும் மற்றவர்களும் 2021இல் கறாராக இதைக் கேட்டார்கள்.

கலாச்சார ஒப்பீடு என்று வந்தாலும் கலாச்சாரம் என்றால் நாடுதான். 1999 வீடியோ ஆய்வில் ஏழு நாட்டு எட்டாம் வகுப்புகள். ஜப்பான் வாத்தியார் பிள்ளைகளுக்கு நடுவே நடந்து, யார் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்துவைத்து, பிறகு கரும்பலகைக்குக் கூப்பிடுவார். கற்கவேண்டிய பழக்கம்தான், மறுக்கல. ஒரே வகுப்புக்குள்ளேயே ஊரும் சேரியும் உட்கார்ந்திருந்தால்?

பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் விற்கும் ஐந்து பிள்ளைகளை நுனெஸ் குழுவினர் ஆராய்ந்து 1985இல் எழுதினார்கள். 35 வீதம் பத்துத் தேங்காய் என்ன விலை? 12 வயசுப் பையன் மூணு 105 என்று தொடங்கி, 210, 315, அதோடு ஒரு 35, ஆக 350 என்கிறான். வியாபாரத்தில் 100க்கு 98 சரி. அதே கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தால் 37தான். இவர்கள் வாங்குகிறவர்களாகப் போய் நின்றார்கள், அதனால் கண்ணில் பட்டது.

எங்க வாத்தியார் நான் யாரைப் பார்த்து எழுதினேன் என்று கேட்டாரே, பக்கத்துல உக்காந்திருந்தவன் சிலேட்டில் 36 இருந்தது. அதை அவர் பார்க்கவே இல்ல.