ஊரூர் குப்பத்துக்குப் பக்கத்தில் ரூம் போடுங்கள்

"சென்னைக்கு வர்றோம், எங்கே தங்கலாம்?" என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான்: பெசன்ட் நகர். அதிலும் கடற்கரையின் வடக்குக் கோடி, ஊரூர் குப்பத்துக்கு நடந்தே போய்விடுகிற தூரம். தி.நகரில் ரூம் போட்டால் பட்டுப்புடவை கிடைக்கும், தூக்கம் கிடைக்காது. இங்கே சர்வீஸ் அபார்ட்மென்ட்டும் உண்டு, மாடியில் அறை விடுகிற வீடுகளும் உண்டு. மொட்டை மாடிக்குப் போக விடுவார்களா என்று முதலில் கேளுங்கள், ஏ.சி.யை அப்புறம் விசாரிக்கலாம். சமையலறை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்.

ஏன் என்பது காலையில் தெரியும். ஃபைபர் படகுகள் கரையேறியதும் மணலிலேயே உட்கார்ந்து வலையிலிருந்து மீனைப் பிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அது கூறு கூறாகச் சாலையோரம் வந்துவிடும். சங்கரா, கானாங்கத்தை, காரப்பொடி, அதிர்ஷ்டம் இருந்தால் வஞ்சிரம். செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பு.

"நெத்திலி எப்படிக்கா?"

"கூறு நூறு கண்ணு. இப்பதான் வந்துச்சு, கண்ணைப் பாரு."

மீன் விற்கிற அக்கா மீனின் கண்ணைத்தான் சொல்கிறார். பேரம் பேசினால் பத்து ரூபாய் குறைக்க மாட்டார், இன்னொரு கை நெத்திலி அள்ளிப் போடுவார். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. தலையைக் கிள்ளி, குடலை உருவி, பேசிக்கொண்டே சுத்தம் செய்து கொடுக்கிற அந்த விரல் வேகத்துக்குத் தனியாக டிக்கெட் போடலாம்!

2015-ல் கர்னாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து இந்தக் குப்பத்தில்தான் ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவைத் தொடங்கினார்கள். சபாவுக்குள் கேட்ட கச்சேரியைக் கடல் இரைச்சலோடு கேட்கலாம் என்று ஊருக்குக் காட்டிய விழா.

சுற்றிப் பார்க்க வண்டியே வேண்டாம். கடற்கரையில் வெள்ளையாக நிற்கிற ஷ்மிட் நினைவு வளைவு, 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரருக்காகக் கட்டியது. தெற்கே நடந்தால் வேளாங்கண்ணி மாதா கோயில். ஆகஸ்ட் 29-ல் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை தெருவெல்லாம் காவி உடை. அடுத்து அஷ்டலட்சுமி கோயில். படியேறி ஒவ்வொரு லட்சுமியாகக் கும்பிட்டுக்கொண்டே போனால் நடுவில் கடலும் தரிசனம் தரும். வடக்கே அடையாறு முகத்துவாரத்தில் இருக்கிற உடைந்த பாலத்துக்கு விடிகாலையில் போங்கள், இருட்டிய பிறகு வேண்டாம்.

பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கு மட்டும் நிதானமாகப் போக வேண்டும். 1882-லிருந்து அடையாறு ஆற்றங்கரையில் இருக்கிறது. பார்வை நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள், கறாரான இடம். அங்கிருக்கிற பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் புயல்காற்றில் விழுந்துவிட்டது, ஆனால் விழுதுகள் தோப்பாக நிற்கின்றன. மரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

என்னைக் கேட்டால் வரவேண்டிய மாதம் மார்ச். பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற காலம் அது. 1988-லிருந்து கல்லூரி மாணவர்கள் ராத்திரி முழுக்க நீலாங்கரைப் பக்கமிருந்து கரையோரமாக நடந்து, நாய்க்கு முன்னால் முட்டைகளைக் கண்டெடுத்து, பொரிப்பகத்தில் மணலுக்குள் வைத்துக் காக்கிறார்கள். நாமும் கூட நடக்கலாம். குஞ்சு பொரித்தால் சாயங்காலம் கடலில் விடுவார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற உருவம். தெருவிளக்கைப் பார்த்துக் கடல் என்று நம்பித் திரும்பி நடக்கும், விளக்கை மறைத்து வழி காட்ட வேண்டும். பக்கத்தில் நிற்கிற அறுபது வயதுக்காரர்கூட "ஏய், அந்தப் பக்கம் இல்லடா!" என்று கத்துவார்.

கோடை விடுமுறையில்தான் வர முடியும் என்றால் வெயிலுக்குப் பயப்படுங்கள், மீனுக்குப் பயப்படாதீர்கள். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். குப்பத்துச் சின்னப் படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும். விலைதான் கொஞ்சம் ஏறியிருக்கும்.