சித்திராங்கதையும் அல்லியும்: போர்மகளிர் கதைகள் சமூகச் சான்றாகுமா?

போர்மகளிர் பற்றிய கதைகளைப் பண்டைச் சமூகத்தில் பெண்கள் பெற்றிருந்த உயர்நிலைக்குச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் ஆய்வாளரிடையே உண்டு. தாய்வழிச் சமூகத்தில் ஆட்சி புரிந்த பெண், தந்தைவழிச் சமூகம் வலுப்பெற்றபின் மனைவியாக ஒடுங்கினாள் என்பது இக்கருத்தின் சாரம். ஒரு கதையின் பல வடிவங்களைக் கால வரிசையில் நிறுத்தி நோக்கின் இக்கருத்தின் வலிமை புலப்படும். ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் 1956இல் புத்ததேவ போஸ் தொடங்கிய ஒப்பிலக்கியத் துறை வளர்த்த நோக்குமுறை இத்தகைய ஆய்வுக்கு ஏற்றது. வங்கத்திற்கும் தமிழகத்திற்கும் பொதுவாக அமைந்த பாத்திரம் அருச்சுனனின் மனைவியருள் ஒருத்தியாகிய சித்திராங்கதை. தமிழ் நாட்டார் மரபின் அல்லியை அவளுடன் இணைத்துக் காண்பர்.

வியாசரின் ஆதிபருவத்தில் சித்திராங்கதை போர்மகள் அல்லள். மன்னன் தன் ஒரே மகளை மகனாகக் கருதுகிறான். அவளுக்குப் பிறக்கும் மகன் தன் குடிக்கே உரியவன் என்னும் உடன்படிக்கையின்மேல் அவளை மணம் செய்து கொடுக்கிறான். வடமொழி நூல்கள் 'புத்திரிகை' என வழங்கும் முறை இது. அவளது விருப்பம் வினவப்படவில்லை.

புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை' காலத்தால் மிகப் பிற்பட்டது. இதில் அல்லி நீன்முகனை வென்று மதுரையைத் தானே ஆள்கிறாள். அருச்சுனன் பாம்பு வடிவில் புகுந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டுகிறான். 'அரசாணி' என்னும் சொல் அரசியையும் மணப்பந்தலில் நடும் அரசங்கிளையையும் குறிக்கும். இவ்விரு பொருளையும் பிணைத்துக் கதைக்கு விளக்கம் கூறுதல் பொருந்தாது; முன்னது 'அரசு' என்னும் ஆட்சிப் பெயரையும் பின்னது மரப்பெயரையும் சார்ந்தவை.

இரவீந்திரநாத் தாகூரின் 'சித்திராங்கதா' 1892இல் கவிதை நாடகமாகவும் 1936இல் நாட்டிய நாடகமாகவும் வெளிவந்தது. ஆண்மகனைப்போல் வளர்க்கப்பட்ட வீராங்கனை, மதனனிடம் ஓராண்டிற்குப் பெற்ற அழகைத் துறந்து தன் உண்மை வடிவில் காதலன்முன் நிற்கிறாள்.

இவ்வரிசை மேற்கண்ட கருத்துக்கு நேர்மாறானது. பழைய பனுவலில் பெண்ணிடம் வாளும் இல்லை, சொல்லும் இல்லை. பிற்கால வடிவங்களே அவளுக்கு அவற்றை வழங்குகின்றன. வாய்மொழி மரபு பழமையைப் பேணக்கூடும் என்பது உண்மையே. எனினும் அல்லியின் வாளைக் கொண்டு மட்டும் அப்பழமையை நிறுவுதல் இயலாது. போர்மகள் பழமையின் எச்சம் என்பதினும், அவளைப் பாடிய காலத்தின் அச்சத்தையும் விழைவையும் காட்டும் படிமம் எனக் கொள்வதே தகும். பண்டை மகளிரின் நிலையை அறிய விழைவோர், வாள் எவர் கையில் இருந்தது என்பதோடு அமையாது, மணத்திற்கு எவர் இசைந்தனர், பிள்ளை எவர் குடிக்கு உரியதாயிற்று என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும்.