மேயர் ஆஃப் கிங்ஸ்டவுன்: சிறையால் பிழைக்கும் ஊர்

முதல் சீசனின் பத்து எபிசோடையும் ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். 2021-இல் வந்த தொடர், நான்தான் லேட். கதை தெரியக்கூடாது என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மிச்சிகனில் கிங்ஸ்டவுன் என்று ஒரு கற்பனை ஊர். சுற்றிலும் ஏழு சிறைகள், அதுதான் ஊருக்கே சோறு. 'மேயர்' என்பவரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. உள்ளே இருப்பவனுக்கும் வெளியே இருப்பவனுக்கும், போலீசுக்கும் கேங்குக்கும் நடுவே பேசி முடித்துவைக்கிற ஆள். எங்க தொழில் பாஷையில் மிடில்வேர். அண்ணன் மிட்ச் முதல் எபிசோடிலேயே சுடப்பட்டுச் சாகிறான். தானே ஒருகாலத்தில் சிறையில் இருந்த தம்பி மைக் (ஜெரமி ரென்னர்) அந்த நாற்காலியில் உட்கார வேண்டியதாகிறது.

டெய்லர் ஷெரிடனோடு சேர்ந்து இதை உருவாக்கிய ஹியூ டில்லன் கனடாவின் கிங்ஸ்டனில் வளர்ந்தவர். அங்கே 1835-இல் திறந்த பெரிய சிறை 2013 வரை இயங்கியது. 1971 ஏப்ரலில் அங்கே நாலு நாள் கலவரம் நடந்து இரண்டு கைதிகள் செத்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்து ஆட்டிகாவில் 43 பேர். சீசன் கடைசியில் வரும் சிறைக் கலவரத்தைப் பார்க்கும்போது இந்த இரண்டும் மனசில் ஓடாமல் இருக்காது.

கலவரம் மிரட்டலாகத்தான் எடுத்திருக்கிறார்கள். என் குறை வேறு. ஊரே சிறையால் பிழைக்கிறது என்று ஆரம்பித்தவர்கள் ஊரைக் காட்டவே இல்லை. போலீஸ், வார்டன், கேங், திரும்ப போலீஸ். பன்னி தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மைக்கோடு பேரம் பேசும் காட்சிகள் அருமை, அவை மட்டும்தான் ஒரு தெரு இருப்பதையே ஞாபகப்படுத்துகின்றன. பார்வை நாளில் பல மணி நேரம் பஸ்ஸில் வருகிற மனைவிமார் எங்கே? வார்டர் வேலையை விட்டால் வேறு வழியில்லாத பையன் எங்கே?

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கைதியை அவன் சொந்த ஊரில் எண்ணுவதில்லை. சிறை இருக்கும் ஊரில்தான் எண்ணுகிறார்கள். மெய்ன், வெர்மான்ட் தவிர மற்ற மாநிலங்களில் தண்டனைக் கைதிக்கு ஓட்டும் கிடையாது. ஆக, ஊர்க் கணக்கில் தலை உண்டு, குரல் இல்லை. 'மேயர்' என்று தலைப்பு வைத்த தொடருக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேண்டுமா? தொடவே இல்லை.

கொஞ்சம் நெருங்குவது அம்மா மரியம் (டயான் வீஸ்ட்) மட்டும்தான். பெண் கைதிகளுக்கு வரலாறு நடத்துகிறார். பிள்ளைகள் செய்கிற தொழில் அவருக்குப் பிடிக்காது, மறைக்கவும் மாட்டார். அந்த வகுப்பறைக் காட்சிகளில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. நான் ரிவைண்ட் பண்ணிப் பார்த்தது அவற்றை மட்டும்தான்.