ஆளில்லாத் தீவுக்கு ஐந்து படங்கள்

போன மாரியில் ஸ்காபரோவில் நண்பர் ஒருவரின் வீட்டு பேஸ்மென்றில் ஏழு பேர் கூடியிருந்தோம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கார் எடுத்துப் போக ஒருவருக்கும் மனமில்லை. பேச்சு சினிமாவில் வந்து நின்றபோது ஒருவர் அந்தப் பழைய கேள்வியைப் போட்டார். உங்களைத் தனியாக ஆளில்லாத் தீவொன்றில் விடப்போகிறார்கள். ஐந்து படங்களைக் கொண்டுபோகலாம். எந்த ஐந்து?

பேப்பரும் பேனையும் வந்தன. ஏழு பேர், முப்பத்தைந்து தலைப்புகள். தில்லானா மோகனாம்பாள் நான்கு தடவை வந்தது, முள்ளும் மலரும் ஐந்து தடவை. நாயகன், அன்பே சிவம், ஒரு குரசோவா, ஒரு ஈரானியப் படம். வாசித்து முடித்த நேரம் தேநீரோடு இறங்கி வந்த நண்பரின் தாயார் கேட்டார்: “எங்கட படம் ஒண்டும் தீவுக்குப் போகாதோ?”

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. “நான் கலியாணத்துக்கு முந்திக் குத்துவிளக்கு பார்த்தனான்” என்று சொல்லித் தட்டை வைத்துவிட்டு, அரை மணித்தியாலம் நின்றபடியே அந்தப் படத்தின் கதையைச் சொன்னார். ஏழு பேரில் ஒருவரும் அதைப் பார்த்திருக்கவில்லை. அன்று நானும் ஒரு பட்டியல் கொடுத்தேன். அது பிழையான பட்டியல். இது திருத்திய பிரதி.

இந்த விளையாட்டு பிபிசி வானொலியில் 1942 ஜனவரியில் தொடங்கியது. ரோய் பிளம்லி என்பவர் விருந்தாளியைக் கற்பனைத் தீவுக்கு அனுப்பி, எட்டு இசைத்தட்டுகளைத் தெரிவு செய்யச் சொல்வார். கடலில் கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்த யுத்த காலத்தில், தனித் தீவை ஒரு பொழுதுபோக்காக நினைக்க ஆங்கிலேயரால் முடிந்தது. பின்னர் இதே கேள்வி புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் பரவியது. ‘சைட் அண்ட் சவுண்ட்’ சஞ்சிகை 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பு வேறு வகையானது. எது மகத்தான படம் என்று அது கேட்கிறது. எதோடு சீவிக்க முடியும் என்பது தீவுக் கேள்வி. மகத்தான படங்கள் பலவற்றோடு ஒரு கிழமைகூடச் சேர்ந்திருக்க முடியாது.

தமிழருக்கு இந்தத் தீவு முழுக்கக் கற்பனையும் அல்ல. 1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். இந்தியக் கரைக்குப் போன அகதிகளைத் தனுஷ்கோடிக்கு அருகே மணல்திட்டுகளில் இறக்கிவிட்டுப் படகுகள் திரும்பிப்போன கதைகள் எங்கள் குடும்பங்களில் உண்டு. 2021 ஒக்டோபரில் கனடாவை நோக்கிப் புறப்பட்ட 89 தமிழரின் படகு பழுதாகி, அவர்கள் டியேகோ கார்சியாத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இராணுவத் தளமொன்றின் ஓரத்தில், கூடாரங்களில், மூன்று வருடங்கள். பெரும்பாலானோர் 2024 டிசம்பரில்தான் பிரித்தானியாவுக்கு எடுக்கப்பட்டார்கள். அவர்களைத் தடுத்துவைத்தது சட்டவிரோதம் என்று அதே மாதம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களில் ஒருவரிடமும் என்ன படம் கொண்டுபோகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்காக விளையாட்டை விட்டுவிட வேண்டுமென்றில்லை. ஒரு விதியை மட்டும் நான் மாற்றிக்கொள்கிறேன். பிடித்த படம் என்பது போதாது. தனியாக இருக்கையில் நான் யார், எங்கிருந்து வந்தேன் என்பதை மறக்கவிடாத படமாக அது இருக்கவேண்டும்.

முதலாவது வீடு (1988). பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். ஈழத்தைப் பற்றி அவர் படம் எடுக்கவில்லை என்ற மனக்குறை எங்களில் பலருக்கு இருக்கிறது. எனக்கும் இருந்தது. வீட்டைத் திரும்பப் பார்த்தபோது அந்தக் குறை பாதி கரைந்தது. சென்னையில் வேலை பார்க்கும் சுதா, வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் நிலையில், சொந்தமாக ஒரு சிறு வீடு கட்டப் புறப்படுகிறாள். கடன், அனுமதி, லஞ்சம், சீமெந்தில் களவு செய்யும் ஒப்பந்தக்காரன். அவளுடைய தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர், குடையோடு தனியாகப் புறப்பட்டு, கூரை போட்டு முடியாத அந்த வீட்டைப் பார்க்க வருகிறார். சுவரைத் தடவுகிறார். அறை அறையாக நடக்கிறார். இளையராஜாவின் இசையைத் தவிர அங்கே பேச்சில்லை. திரும்பும் வழியில் விழுந்துவிடுகிறார். கடைசியில் அந்தக் காணியை அரசு நிறுவனமொன்று ஏற்கெனவே எடுத்துவிட்டது என்று தெரியவருகிறது. கையில் உறுதி இருக்கிறது, காணி இல்லை.

வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டுவந்த காணியின் உறுதியை மார்க்கம் வீட்டு அலுமாரியில் வைத்திருக்கும் ஒருவருக்கு இந்த முடிவை விளக்கத் தேவையில்லை. அகதிகளைப் பற்றி ஒரு வசனம்கூட இல்லாத இந்தப் படம், அகதிகளைக் காட்டவென்றே எடுத்த பல படங்களைவிட எங்களுக்கு அருகில் நிற்கிறது. காரணம், துன்பத்தை அது கண்ணீராகக் காட்டுவதில்லை. கடதாசிகளாகவும் வரிசைகளாகவும் காட்டுகிறது. இடம்பெயர்ந்தவனின் துன்பத்தில் பெரும்பகுதி விண்ணப்பப் படிவங்களில்தான் நடக்கிறது.

இரண்டாவது உதிரிப்பூக்கள் (1979). புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து புறப்பட்டு மகேந்திரன் வேறெங்கோ போய்ச் சேர்ந்த படம். அசோக்குமாரின் கமெரா, ஆறு, வெயில், விஜயன். எல்லோரும் இதன் மௌனத்தைப் புகழ்வார்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் புகழ்ந்தேன். இன்று கடைசிக் காட்சி என்னைத் தொந்தரவு செய்கிறது. ஊர் கூடி ஒரு கெட்டவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறது. ஒருவரும் அவனை அடிக்கவில்லை. அவனே தண்ணீருக்குள் இறங்கவேண்டும். இறங்குவதற்கு முன் அவன், உங்கள் எல்லோரையும் என்னைப்போல ஆக்கிவிட்டேன், அதுதான் நான் செய்த பெரிய பாவம் என்ற பொருளில் பேசுகிறான்.

எண்பதுகளில் மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் பள்ளிக்கூடம் போன ஒரு தலைமுறை இந்த ஊரில் இருக்கிறது. நானும் அதைச் சேர்ந்தவன். செத்தவர் கெட்டவரா நல்லவரா என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று மகேந்திரனின் படம் கேட்கிறது. சென்னையில் இருந்த ஒருவர் 1979 இல் எங்களை நினைத்து இதை எடுத்திருக்க முடியாது. நல்ல படத்துக்கு அது தேவையும் இல்லை. தீவில் தனியாக இருக்கும் ஒருவனுக்கு ஊர் என்பது ஏங்கத்தக்கதாக மட்டும் தோன்றிவிடும் ஆபத்து உண்டு. அதற்கு மருந்தாக இந்தப் படம் வேண்டும்.

மூன்றாவது காதலிக்க நேரமில்லை (1964). தீவில் சிரிக்காமல் எத்தனை நாள் இருப்பது? ஸ்ரீதரின் வர்ணங்கள், பாட்டுகள் எல்லாம் இருக்கட்டும். செல்லப்பாவாக வரும் நாகேஷ், தான் எடுக்கப்போகும் பேய்ப்படத்தின் கதையைத் தகப்பன் பாலையாவுக்குச் சொல்லும் அந்த ஒரு காட்சிக்காகவே இதைக் கொண்டுபோவேன். ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ ஒரு அடி பிலிம்கூட எடுக்கவில்லை. கையில் இருப்பது குரலும் விரல்களும் கண்களும்தான். பாலையா வேர்த்துப் போகிறார். சினிமா இல்லாமலே சினிமா காட்டமுடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

நான்காவது பொன்மணி (1977). இங்கேதான் என் பழைய பட்டியல் பிழைத்தது. தர்மசேன பத்திராஜ சிங்களவர், அப்போது யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளர். காவலூர் இராசதுரையின் திரைக்கதை. சீதனத்துக்கு வழியில்லாமல் அக்கா வீட்டோடு நிற்க, தங்கை சாதி கடந்து காதலிக்கிறாள். கதையாகச் சொன்னால் ஒரு வரி. சென்னைப் படம் பார்த்துப் பழகிய எங்கள் சனம் அன்று இதைக் கைவிட்டது. படம் மிக மெதுவானது, குறைவாகவே பேசுகிறது, நடித்தவர்களில் பலர் தொழில்முறை நடிகர்கள் அல்லர். இந்தக் குறைகள் உண்மையானவை. சில காட்சிகளில் நடிகர்கள் வசனம் வரக் காத்து நிற்பது தெரிகிறது.

ஆனால் வேலிக்கும் விறாந்தைக்கும் இடையில் ஒரு யாழ்ப்பாண வீடு எப்படி மூச்சை அடக்கிக்கொண்டு வாழ்ந்தது என்பதை இந்த அளவுக்கு அவசரமில்லாமல் பார்த்த வேறு படத்தை நான் அறியேன். எங்கள் பேச்சு இதில் வேடிக்கைக்காக வரவில்லை. தெனாலியில் (2000) கமல்ஹாசன் எங்கள் தமிழைப் பேசியபோது தியேட்டர் முழுக்கச் சிரித்தோம். யாரோ எங்களைக் கவனித்துவிட்டார்கள் என்ற சந்தோஷம் அதில் இருந்தது. பொன்மணியில் அதே தமிழ் கலியாணம் பேசுகிறது, கடன் கேட்கிறது, பொய் சொல்கிறது. ஒரு மொழிவழக்கு முழு வாழ்க்கையையும் சுமக்கும் என்று காட்டியவர் வீட்டில் சிங்களம் பேசிய ஒருவர் என்பதையும் தீவில் யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

நான் பார்த்தது வீடியோவிலிருந்து வீடியோவுக்கு மாறி வந்த ஒரு பிரதி. முகங்கள் வெளிறிப்போய், வெயிலும் சுவரும் ஒன்றாகிக் கிடந்தன. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டடக்கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்து, டபிள்யூ. எஸ். மகேந்திரன் இயக்கிய குத்துவிளக்கு வந்தது 1972 இல். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சிங்களப் படம் ‘நிதானய’ வந்ததும் 1972 இல். நிதானய மீட்டெடுக்கப்பட்டு 2013 இல் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டது. அது அதற்குத் தகுதியான படம். குத்துவிளக்கு ஒரு அம்மாவின் வாயில் அரை மணித்தியாலம் உயிரோடு இருக்கிறது. 1983 ஜூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது தமிழரின் சொத்து மட்டும் எரியவில்லை. சிங்களப் படச் சுருள்களும் சேர்ந்தே எரிந்தன. நெருப்பைக் குற்றம் சொல்வது எங்களுக்குச் சுலபம், அது நியாயமும்கூட. ஆனால் எரியாமல் தப்பியதைத் தேடி வைத்தோமா? வீடு படத்தின் மூலச்சுருளே இன்று இல்லை என்று பாலு மகேந்திரா தம் கடைசிக் காலத்தில் வருந்தினார், ஆவணக்காப்பகம் வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் படத்தை எரித்தவர் எவருமில்லை. கவனிக்க ஆளில்லாமல் போனது, அவ்வளவுதான்.

ஐந்தாவதுக்கு இரண்டு படங்கள் என்னிடம் வழக்காடின. ஒன்று வாடைக்காற்று (1978). செங்கை ஆழியானின் நெடுந்தீவு நாவல், பிரேம்நாத் மொறாயஸ் இயக்கியது. தீவுக்குத் தீவுப் படம் என்பதால் மனம் இழுத்தது. மற்றது லெனின் எம். சிவத்தின் 1999 (2009). ரொறன்ரோத் தமிழ் இளைஞர்களின் குழுச் சண்டைகள் பற்றியது. இயக்குநராக லெனின் அடுத்து எடுத்த ‘ஏ கன் அண்ட் எ ரிங்’ (2013) இதைவிடத் தேர்ச்சியான படம். ஷங்ஹாய் விழாவரை போனது. ஆனாலும் 1999 ஐத்தான் எடுக்கிறேன். அதில் நடிப்பு ஏறி இறங்கும், ஒலி சில இடங்களில் கரகரக்கும். ஆனால் அதில் வரும் பனியும் நடைபாதையும் அடுக்குமாடி லிஃப்ற்றும் நாங்கள் நின்ற இடங்கள். வெடிச்சத்தத்துக்குத் தப்பி வந்த பெற்றோரின் பிள்ளைகள் இங்கே ஒருவரையொருவர் சுட்டார்கள். அந்த ஆண்டுகளில் நாங்கள் அதை வெளியாருக்கு மறைத்தோம், வீட்டிலும் பேசவில்லை. மறைத்ததை எங்கள் மொழியிலேயே, எங்கள் பிள்ளைகளைக்கொண்டே எடுத்துக் காட்டிய படம் அது.

ஆக வீடு, உதிரிப்பூக்கள், காதலிக்க நேரமில்லை, பொன்மணி, 1999. இதில் எனக்குத் திருப்தியில்லாத ஒரு விடயம் உண்டு. பெண் இயக்கிய படம் ஒன்றுகூட இல்லை. எங்கள் வீடுகளைப் பற்றிய கதைகளில் வீட்டைச் சுமந்தவர்கள் கமெராவுக்குப் பின்னால் நிற்கவில்லை. அடுத்த பட்டியலை வேறொருவர் போடும்போது அந்தக் குறை தீரட்டும்.

புத்தகங்களுக்கு நூலகம் இணையத்தளம் 2005 முதல் செய்துவரும் வேலையைப் போல, படங்களுக்கும் ஒன்று தேவை. அது ஒரு பெரிய நிறுவனமாகத் தொடங்க வேண்டியதில்லை. இந்த நகரத்தின் பேஸ்மென்றுகளில், பழைய சூட்கேசுகளில், கலியாண வீடியோக்களுக்கு அடியில் கசெற்றுகள் கிடக்கின்றன. தொண்ணூறுகளில் மூடிய வீடியோக் கடைகளின் பெட்டிகள் யாருடைய கராஜிலோ இருக்கும். காந்த நாடா நெடுங்காலம் தாங்காது. ஸ்காபரோவின் ஈரமான நிலவறையில் இன்னும் விரைவாகவே அழியும். எறிவதற்கு முன் ஒருமுறை லேபிளை வாசித்துப் பாருங்கள்.

நண்பரின் தாயாரிடம் பிறகு ஒரு நாள் போனேன், குத்துவிளக்குக் கதையை ரெக்கோர்ட் பண்ணுவதற்காக. ஃபோனை மேசையில் வைத்ததும் கூச்சப்பட்டு, “படத்தைப் பார்க்காமல் என்ர கதையைக் கேட்டு என்ன செய்யப் போறியள் தம்பி?” என்றார். படம் கிடைக்கும்வரைக்கும் என்றேன். சீலையைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். அன்று சொன்ன அதே கதைதான், ஆனால் இந்தமுறை பாட்டுகளையும் சேர்த்துக்கொண்டார்.