கட்டியங்காரன் இல்லாத மேடை

வேங்கிக்கால் வழியாக வேலூர் சாலையில் போய்வருகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கே இருப்பதால் விழிப்புணர்வுப் பேரணிகளில் பல இந்த வாசலைத் தொட்டுத்தான் போகும். சீருடைப் பிள்ளைகள், பதாகைகள், கொடியசைப்பு, நடுவே ஒரு பத்து நிமிட நாடகம். நாடகத்தில் அப்பா குடித்துவிட்டு வருவார், அம்மாவை அடிப்பார், மகள் நான்கு வரி பேசியதும் திருந்திவிடுவார். பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு நடக்கும். டீச்சர் வேடம் போட்ட பிள்ளை வந்து நிறுத்திவிடும். பிறகு எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். கலை வழியே சமூக மாற்றத்தைக் கற்றுத்தருகிறோம் என்று நம் பள்ளிகள் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

கிண்டல் செய்வது சுலபம். ஆனால் இதில் கிடைத்த லாபம் சின்னதல்ல. 2022-23இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய கலைத் திருவிழா, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக மேடை போட்டுக் கொடுத்தது. வென்றவர்களுக்குக் ‘கலையரசன்’, ‘கலையரசி’ பட்டம். காசு கட்டிப் பாட்டு வகுப்புக்கோ பரத வகுப்புக்கோ போக முடியாத வீட்டுப் பிள்ளை நாலு பேர் முன்னால் குரல் நடுங்காமல் நின்று பேசுவதே ஒரு மாற்றம்தான். பறையை எடுத்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டோடும் ஒரு சாதியோடும் மட்டும் சேர்த்துப் பார்க்கப்பட்ட கருவி அது. பள்ளி மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளும் அதைத் தோளில் மாட்டி அடிப்பது, எந்த நாடக வசனத்தையும்விட ஓங்கிப் பேசுகிறது.

என் குறை வேறு. இந்த நாடகங்களில் கேள்வி பிறக்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது.

இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கும் கலை புதிதல்ல. செய்யாறு பக்கத்துப் புரிசை, கூத்துக்குப் பேர் போன ஊர். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, விடிய விடிய கூத்து நடக்கும் பூமி இது. துகிலுரிதல் கூத்தின் உயிரே ஒரு கேள்விதான். தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று திரௌபதி கேட்கிறாள். பீஷ்மரால்கூட அவளுக்கு நேரான பதில் சொல்ல முடியவில்லை. பார்க்கிறவன் அந்தப் பதிலில்லாமையோடுதான் வீட்டுக்குப் போகிறான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் இன்னொரு பக்கம். ராஜா கொலுவுக்கு வந்து பெருமை பேசும்போதே குறுக்கே புகுந்து, உள்ளூர் விவகாரத்தையும் இழுத்துப்போட்டு, கிரீடத்தைக் கொஞ்சம் சாய்த்துவிடுவான். பிரேசிலின் அகஸ்தோ போவால், பார்வையாளர் நாடகத்தை நிறுத்தி மேடையேறிக் கதையை மாற்றலாம் என்று ஒரு முறை வகுத்தார். அதற்கு உலகப் புகழ் கிடைத்தது, கிடைக்கட்டும். குறுக்கே பேசும் உரிமையை மேடைக்குள்ளேயே ஒருவனுக்குக் கொடுத்துவைத்த மரபு நம் வாசலில் இருக்கிறது. பள்ளி நாடகம் கூத்திலிருந்து மேளத்தையும் மெட்டையும் எடுத்துக்கொண்டது, கட்டியங்காரனை விட்டுவிட்டது.

விட்டதன் விளைவைப் பார்க்கலாம். முதல் கலைத் திருவிழாவின் பரிசளிப்பு 2023 ஜனவரியில் சென்னையில் நடந்தது. அதே ஜனவரி 30ஆம் தேதி, தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாகத் தடுக்கப்பட்டிருந்த பட்டியலின மக்கள் போலீஸ் பாதுகாப்போடு முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். நாடு முழுக்கச் செய்தியானது. நான் பார்த்த பள்ளி நாடகம் எதிலும் அந்தக் கோயில் வாசல் வரவில்லை. ‘சாதிகள் இல்லை’ என்று மட்டும் வருகிறது. ஊர் பெயர் இல்லாமல், தெரு பெயர் இல்லாமல்.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் ஒரு வீடு மண்ணுக்குள் போனது. இறந்த ஏழு பேரில் பெரும்பாலோர் குழந்தைகள். மரம் நடுவோம் என்ற ஓவியத்தை வைத்துக்கொண்டு அதைப் பேச முடியாது. மலையோரம் ஏன் வீடு கட்டினார்கள், ஊருக்குள் மனை என்ன விலை, அங்கே பட்டாவும் மின்இணைப்பும் எப்படி ஆகின்றன என்று பிள்ளைகள் விசாரித்துவிட்டு வந்தால், அதுவே நாடகத்தின் முதல் காட்சி. வேங்கிக்கால் ஏரியும் அப்படியே. ‘நீர்நிலை காப்போம்’ என்ற பதாகையைப் பிடிக்கும் கை, கழிவுநீர் எந்த வாய்க்கால் வழியே வருகிறது என்று வரைபடம் போட்டிருக்கிறதா?

ஆசிரியரைக் குற்றம் சொல்லி முடித்துவிட மாட்டேன். ஓவியமும் இசையும் சொல்லித்தர ஆள் எங்கே? 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களைத் தமிழக அரசு நியமித்தது. மாதம் 5,000 ரூபாய், வாரம் மூன்று அரை நாள். ஊதியம் பிறகு உயர்ந்தது, பகுதிநேரம் என்ற நிலை மாறவில்லை. அதுவும் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கான ஏற்பாடு. கேள்வி கேட்கும் வயது வருகிற ஒன்பதாம் வகுப்புக்கு இந்த ஏற்பாடு கிடையாது. போட்டி அறிவிப்பு வந்ததும் கணக்கு டீச்சரோ தமிழய்யாவோ நாலு நாளில் வசனம் எழுதி மனப்பாடம் செய்ய வைக்கிறார். ஏரிக் கழிவைப் பற்றி எழுதினால், அரசு ஊழியரான அவருக்கு மறுநாள் யாரிடமிருந்து போன் வரும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இடதுசாரி நண்பர்கள் இங்கே கலை இலக்கிய இரவை நினைவூட்டுவார்கள். 1980களில் முற்போக்கு எழுத்தாளர் சங்கத் தோழர்கள் திருவண்ணாமலையில் விடிய விடிய நடத்திய அந்த இரவுகள் ஒரு தலைமுறைக்கே கண் திறந்தன, மறுக்கவில்லை. ஆனால் அரசு எழுதித்தந்த வசனத்துக்குப் பதில் கட்சிக்காரர் எழுதித்தந்த வசனத்தைப் பிள்ளை ஒப்பித்தால் வித்தியாசம் நிறத்தில் மட்டும்தான். எழுத்தறிவு பரப்பிய 1990களின் அறிவொளி இயக்கத்திடம் கற்க வேண்டியது வேறொன்று. கலைப்பயணக் குழு பாடிவிட்டுப் போனபின் தொண்டர் வீடு தேடி வந்தார், மாலையில் வகுப்பு நடந்தது. பாட்டு ஒரு வேலைக்கான அழைப்பாக இருந்தது. நம் பள்ளி நாடகம் சான்றிதழோடு முடிகிறது.

இதற்கு மாறான முயற்சியும் நடந்தது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னா தெ ப்ரெய்னும் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலம், பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்தே கொடுத்தது. ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளையும் ஏற்றியது. அதை எல்லா ஊரிலும் நடத்த முடியாது. பல வருஷ உழைப்பு, தனி ஆசான், தனி இடம் என்று எல்லாமே வேண்டும்.

ஆனால் ஒன்றை நாளைக்கே செய்யலாம். தலைமையாசிரியர்களே, நடுவர்களே, அடுத்த முறை ஏரியைப் பற்றி நாடகம் போடும் பிள்ளைகளில் ஒருவருக்குக் கட்டியங்காரன் வேடம் கொடுங்கள். அந்தப் பிள்ளைக்கு மட்டும் வசனம் எழுதித் தராதீர்கள். மதிப்பெண் தாளில் அதற்கு ஒரு கட்டம் போடுங்கள்.