வத்தல்மலையில் ஒரு கேமிங் பி.சி.: எதில் காசு போடுவது, எதைத் தள்ளிப்போடுவது?

கேமிங் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?" என்பதுதான். மெஷின் ஐந்தாறு வருஷம் ஓட வேண்டும், நடுவில் மேம்படுத்திக்கொள்ளவும் வேண்டும் என்றால் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பத்து நிமிஷத்தில் கழற்றி மாட்டக்கூடிய பாகம் எது, மாற்றப்போனால் மெஷினையே பிரித்துப்போட வேண்டிய பாகம் எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பின்னதில் தாராளமாகச் செலவழிக்கலாம். முன்னதில் இன்றைய தேவைக்கு மட்டும் போதும். தருமபுரி மாவட்டம் வத்தல்மலையில் ஒரு காபித் தோட்டத்து வீட்டுக்கு இந்தக் கணக்கில் அசெம்பிள் செய்து, அங்கேயே ஓட்டிப் பார்த்த மெஷினின் விமர்சனம் இது.

மலை மூவாயிரம் அடிக்கு மேல். ஏற இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பாகம் பழுதானால் தருமபுரிக்கு இறங்க வேண்டும், அங்கே ஆகாவிட்டால் சேலமோ பெங்களூரோ போக வேண்டும். இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டைவிட பெங்களூர் எஸ்.பி. ரோடுதான் கிட்டே. அதனால் இரண்டு நிபந்தனைகள் வைத்துக்கொண்டோம். ஒரு பாகம் போனாலும் மெஷின் முழுசாக முடங்கக் கூடாது. மேம்படுத்தும்போது ஒரு பாகத்தை மட்டும் மாற்றினால் போதுமானதாக இருக்க வேண்டும்.

என்னென்ன போட்டோம்

பிராசசர்: ரைசன் 5 7600
மதர்போர்டு: பி650, மைக்ரோ ஏ.டி.எக்ஸ்.
ராம்: டி.டி.ஆர்.5-6000, 16 ஜி.பி. குச்சி இரண்டு
கிராபிக்ஸ் கார்டு: ரேடியான் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி., 16 ஜி.பி.
எஸ்.எஸ்.டி.: 1 டி.பி. என்.வி.எம்.இ.
பவர் சப்ளை: 750 வாட், 80 பிளஸ் கோல்டு, ஏ.டி.எக்ஸ். 3.1
மானிட்டர்: 27 அங்குலம், 1440பி

மானிட்டரும் யு.பி.எஸ்.ஸும் நீங்கலாக பட்ஜெட் ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி. ராம் விலை வாரத்துக்கு வாரம் மாறும் காலம் என்பதால் பாகவாரி விலை போடவில்லை.

போர்டு: சாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள்

மதர்போர்டை மாற்றுவது என்றால் எல்லா ஒயரையும் பிடுங்கி, எல்லாத் திருகையும் கழற்றுகிற வேலை. அதனால் அதன் சாக்கெட்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆயுள் என்பதே முதல் கேள்வி. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டில் 2017-ல் முதல் தலைமுறை ரைசன் போட்டவர்களில் பலர், 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி-யை அதே போர்டில் பயாஸ் அப்டேட் மட்டும் செய்து மாட்டிக்கொண்டார்கள். இப்போதைய ஏ.எம்.5 சாக்கெட் 2022 செப்டம்பரில் வந்தது. 2027 வரையாவது இதற்குப் புது பிராசசர்கள் வரும் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. இன்டெல் பக்கம் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட் 12, 13, 14-ம் தலைமுறைகளோடு முடிந்தது. 2024 அக்டோபரில் 1851 என்று வேறு சாக்கெட் வந்துவிட்டது. இன்டெல் பிராசசர் மட்டம் இல்லை. ஆனால் இன்று 1700 போர்டு வாங்கினால் மேலே ஏறப் படி குறைவு.

7600-ல் ஆறு கோர், 65 வாட். இன்றைய கேம்களுக்குப் போதும். நாளைக்குப் போதாவிட்டால் 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இரண்டும் இதே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் அவற்றோடு கூலர் வராது. அதனால் நல்ல டவர் கூலருக்கும் சேர்த்துக் காசு எடுத்துவையுங்கள், கேபினட் வாங்கும்போதே 160 மில்லிமீட்டர் உயரக் கூலர் உள்ளே நிற்குமா என்று பாருங்கள்.

சற்று மலிவாகக் கிடைக்கும் 7500எஃப்-ஐ விட்டு 7600 எடுத்ததற்குக் காரணம் மலைதான். 7600-க்குள் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது. கார்டு வாரண்டிக்குப் போய்க் கிடந்தாலும் மானிட்டர் ஒயரை போர்டில் சொருகி, ஆன்லைன் வகுப்பு, பத்திரப் பதிவு, காபி விலை என்று எல்லாம் பார்க்கலாம். 'எஃப்' போட்ட பிராசசரில் கார்டு போனால் திரை கறுப்புதான்.

போர்டில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருப்பதையும் உறுதி செய்துகொண்டோம். நாளைக்குப் புது பிராசசர் மாட்டும்போது பழைய பயாஸ் அதை அடையாளம் காணாவிட்டால், பென் டிரைவ் ஒன்றை வைத்தே வேலையை முடித்துவிடலாம். அந்த பட்டன் இல்லாவிட்டால் கடைக்குத்தான் தூக்கிப்போக வேண்டும்.

ராம்: "அப்புறம் சேர்த்துக்கலாம்" எடுபடாது

"இப்போ 16 போடு, பின்னாடி இன்னொரு 16 சேர்த்துக்கலாம்" என்பது டி.டி.ஆர்.4 காலத்து அறிவுரை. போர்டில் நான்கு ஸ்லாட் இருப்பது உண்மை. ஆனால் ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. அதிகாரப்பூர்வமாகச் சொல்லும் வேகம், இரண்டு குச்சி போட்டால் 5200, நான்கு போட்டால் 3600. முதலில் இரண்டு குச்சி போட்டுவிட்டு, பின்னால் இன்னும் இரண்டு சேர்க்கப்போனால் அளவு கூடும், வேகம் இறங்கும். கூடவே 2025 கடைசியில் ஏ.ஐ. சர்வர்களுக்கு மெமரி சிப் போய்ச்சேர, ராம் விலை எகிறிவிட்டது. காத்திருந்தால் மலிவாகும் என்ற நம்பிக்கையும் போயிற்று. எனவே ராமையும் மாற்றக்கூடாத பாகங்களின் பட்டியலில் சேர்த்து, 16 ஜி.பி. குச்சி இரண்டை முதலிலேயே போட்டோம். பட்ஜெட்டில் மனசுக்கு வலித்த இடம் இதுதான்.

கார்டு: மெமரியில் மட்டும் சமரசம் வேண்டாம்

கிராபிக்ஸ் கார்டில் எதிர்காலத்தை வாங்க முடியாது. 2017-ல் ராஜா கார்டாக இருந்த ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ.-யில் 11 ஜி.பி. மெமரி. ஆனாலும் 2024-ல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்' ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம் என்று சொன்னதும் அது வரிசையிலிருந்தே வெளியே போய்விட்டது. அடுத்து என்ன கட்டாயமாகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நடுத்தரக் கார்டு போட்டு, மூன்று நான்கு வருஷத்தில் மாற்றுவதே லாபம்.

மெமரி மட்டும் விதிவிலக்கு. 9060 எக்ஸ்.டி., ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. இரண்டுமே ஒரே பெயரில் 8 ஜி.பி., 16 ஜி.பி. என இரு வகையாக விற்கின்றன. பெட்டியின் முன்பக்கப் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். கார்டில் மெமரியைப் பின்னால் சேர்க்க வழியே இல்லை. 16 ஜி.பி. கார்டில், 1440பி-யில் 'சைபர்பங்க் 2077' ஹை செட்டிங், ரே டிரேசிங் இல்லாமல், எஃப்.எஸ்.ஆர். குவாலிட்டியில் 60 ஃபிரேமுக்குக் கீழே இறங்காமல் ஓடுகிறது. ரே டிரேசிங்கை முழுசாகப் போட்டால் மூச்சுவாங்குகிறது. அதுவே முக்கியம் என்பவர்கள் 5060 டி.ஐ. பக்கம் போகலாம்.

கரண்டுதான் உண்மையான சோதனை

கார்டு 160 வாட், பிராசசர் உச்சத்தில் 88 வாட், மற்றதெல்லாம் சேர்த்து முந்நூறு வாட்டைத் தொடும். 550 வாட் சப்ளையே போதும். 750 போட்டது, மேல்மாடிக்கென்று தூணில் கம்பியை நீட்டி விட்டுவைப்பது மாதிரி. நாளைக்கு 304 வாட் குடிக்கும் 9070 எக்ஸ்.டி. மாட்டினாலும் சப்ளையைத் தொட வேண்டியதில்லை. பெட்டியில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சில மலிவான சப்ளைகள் 200-க்குக் கீழே ஓல்டேஜ் இறங்கினால் தாங்காது. லைன் கடைசியில் இருக்கும் மலை வீடுகளுக்கு இது முக்கியம்.

வீட்டுப் பெரியவர் கேட்டது ஒரே கேள்விதான்: "கரண்டு போய்ப் போய் வந்தா இது தாங்குமாப்பா?" கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயினை அணைத்துப் பார்த்தோம். வீட்டில் ஏற்கெனவே இருந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மெஷின் பொட்டென்று அணைந்துவிட்டது. பியூர் சைன் வேவ் யு.பி.எஸ்.ஸில் ஃபிரேம்கூடத் தடுக்கவில்லை. சும்மா இருக்கும்போது சோதித்துப் பயனில்லை, முழு லோடில்தான் குட்டு வெளிப்படும். அதோடு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். இடி இறங்கும் நாளில் யு.பி.எஸ். இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

மலையில் எப்படி ஓடுகிறது

மூவாயிரம் அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட பத்து சதவீதம் குறைவு, விசிறி தள்ளும் காற்றும் அந்த அளவு லேசு. ஆனால் கீழே தருமபுரியைவிட இங்கே குளிர்ச்சி அதிகம் என்பதால் கணக்கு நேராகிவிடுகிறது. முன்பக்கம் வலையாக இருக்கும் கேபினட் போதுமானது, வாட்டர் கூலிங் தேவையே இல்லை. வலையின் கண் சின்னதாக இருக்கட்டும். தோட்டத்து வீட்டில் எறும்பும் பல்லிக்குட்டியும் சூடான இடம் தேடி உள்ளே போகும்.

கீழே அசெம்பிள் செய்து மேலே ஏற்றுபவர்கள் கிராபிக்ஸ் கார்டைத் தனியாகக் கழற்றி எடுத்துப்போங்கள். வளைவுக்கு வளைவு ஆடும்போது கார்டின் கனம் முழுவதும் ஸ்லாட்டில்தான் விழும். கழற்றும்போது ஸ்லாட்டின் நுனியில் இருக்கும் சின்ன கிளிப்பை அழுத்திவிட்டு இழுக்க வேண்டும். அழுத்தாமல் இழுத்தால் கிளிப் உடையும், போர்டு வாரண்டியும் போகும். கேபினட்டை, போர்டு அடியில் வரும்படி படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும்.

வாங்கலாமா?

ஆன்லைனில் வாலரன்ட் மட்டும் ஆடுபவருக்கு இது அதிகம். 4கே-யில் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்து ஆட நினைப்பவருக்குப் போதாது. நடுவில் இருக்கும் பெரும்பான்மைக்குப் பொருந்தும். மேம்படுத்தும் வரிசை இப்படி: முதலில் இடம் போதாமல் போகும், காலியாக இருக்கும் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்.எஸ்.டி. சேர்க்கலாம். பிறகு கார்டு, கடைசியில் எக்ஸ்3டி பிராசசர். மூன்றுக்கும் ஒரு ஸ்குரூ டிரைவர் போதும், மெஷினைத் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டியதில்லை. கடைக்காரர் கொடுக்கும் கொட்டேஷனில் கார்டுக்கு மேலே போர்டையும் பவர் சப்ளையையும் எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரியில் பிராண்டும் மாடலும் இல்லாமல் வெறுமனே "750 வாட்", "பி650" என்று மட்டும் இருந்தால் வேறு கடை பாருங்கள்.