அரண் என்ற அளவில் சங்ககிரி

ஜலகண்டாபுரத்திலிருந்து எடப்பாடி வழியாகப் போனால் சங்ககிரி மலை. அதன் மேலுள்ள கோட்டையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தீரன் சின்னமலையில் தொடங்கி அவரிலேயே முடித்துவிடுகிறார்கள். 1805இல் அவர் அங்கே தூக்கிலிடப்பட்டதும், ஆடிப்பெருக்கன்று அவர் நினைவில் மக்கள் திரள்வதும் கோட்டையின் தகுதிக்குச் சான்றாகா. அன்று அது கும்பெனியார் கையில் இருந்தது. தியாகியின் புகழை மதிலின் கணக்கில் வரவு வைப்பது பிழை.

விஜயநகரக் காலத்தது எனப்படும் இவ்வரணின் இடத்தேர்வில் குறை காண்பது அரிது. சமவெளியிலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் எழும் மலை. ஏறுவழியில் வாயிலுக்குப் பின் வாயிலாக மதில்கள். ஒன்று வீழ்ந்தால் அடுத்ததில் நின்று போரிடலாம். உச்சியில் சுனையும் தானியக் களஞ்சியமும் உண்டு. நாமக்கல் கோட்டையை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த அமைப்பின் அருமை தெரியும். நாமக்கல்லின் கல்வேலை நேர்த்தியானதுதான். ஆனால் ஒற்றைப் பாறையின் விளிம்பைச் சுற்றிய அந்த மதிலைக் கடந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அடுக்கு மதிலின் பயனைக் கிருஷ்ணகிரி காட்டியது: 1791 நவம்பரில் கும்பெனித் தளபதி மேக்ஸ்வெல்லின் படை கீழ்க்கோட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையில் தோற்றுத் திரும்பியது.

குறை கட்டுமானத்தில் இல்லை, நோக்கத்தில் இருக்கிறது. மலைமேல் இருக்கும் பீரங்கி, கீழே விலகிப் போகும் படையை என்ன செய்யும்? காவிரித் துறைகளும் விளைநிலங்களும் மதிலுக்கு வெளியே கிடந்தன. களத்தில் படை இல்லாவிட்டால் கோட்டைகளால் நாட்டைக் காக்க முடியாது என்பதற்கு 1768ஆம் ஆண்டே போதும். கும்பெனியின் கர்னல் வுட் சேலம், நாமக்கல், ஈரோடு என்று வரிசையாகப் பிடித்துச் சிறு காவற்படைகளைச் சிதறவிட்டார்; மைசூரின் ஹைதர் அலி திரும்பி வந்து சில வாரங்களில் அனைத்தையும் மீட்டார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலச் சீமையோடு சங்ககிரியும் மைசூரிடமிருந்து கும்பெனிக்குக் கைமாறியது. அதைத் தடுக்க மதில்களுக்கு வேலையே இருக்கவில்லை.

செஞ்சி வேறு வகை. மூன்று குன்றுகளை ஒரே மதிலால் பிணைத்து, நடுவிலிருந்த சமவெளியையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. முகலாயப் படையை 1690 முதல் 1698 வரை காக்க வைத்தது. அந்த அளவுகோலில் சங்ககிரி முதல் வரிசையில் சேராது. காவற்படைக்கான புகலிடம் என்ற அளவில், சேலம், நாமக்கல் பகுதியில் அதற்கே முதலிடம் தருவேன்.